இழவு வீட்டுக்கு யார் அழைப்பார்கள்?

கேள்வி: வேளச்சேரியிலிருந்து உத்தமபாளையம் அருகே ஒரு சிறிய ஊருக்குக் குடிவந்து பத்து மாதம் ஆகிறது. கணவர் வேலையை விட்டுவிட்டுத் தென்னந்தோப்பு வாங்கியிருக்கிறார். நான் வீட்டிலிருந்தபடியே சென்னை நிறுவனத்துக்கு வேலை பார்க்கிறேன். ஆறு வயதில் ஒரு மகள். மாமியார் சென்னையில் தனியாக இருக்கிறார். ஊர் ஒத்துவந்த பிறகு அவரை அழைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறோம். ஆனால் ஊர் எங்களைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. முதல் வாரமே "நீங்கள் என்ன ஆட்கள்?" என்று விசாரித்ததோடு சரி. விடிவதற்கு முன்பே ஜீப் ஹாரன் தூக்கத்தைக் கெடுக்கிறது. ஆடி மாதம் எதிர்வீட்டுப் பாட்டி இறந்தபோது தெருவை அடைத்துப் பந்தல் போட்டதில் காரை எடுக்க முடியாமல் மகளின் நடன வகுப்பு போயிற்று. அப்போதுகூட யாரும் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சென்னைக்கே திரும்பிவிடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி (கடிதம் சுருக்கப்பட்டது)

பதில்: உங்கள் நீண்ட கடிதத்தில் ஒரு வரியைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை. "யாரும் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை." எதற்குச் சொல்ல வேண்டும், சகோதரி? கல்யாணத்துக்குத்தான் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பார்கள். சாவுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. வெளியூர் உறவுக்குத் தகவல் போகும். எதிர்வீட்டுக்குப் போகாது. உங்கள் வாசலில் நட்ட பந்தல்கால்தான் தகவல். அது உங்களுக்குக் காரை மறித்த கம்பாகத் தெரிந்திருக்கிறது.

அன்று அந்தத் தெருவில் என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன். எடுக்கும் வரை அந்த வீட்டில் அடுப்பு எரியாது. பக்கத்து வீடுகளில் காப்பி போட்டுத் தூக்குவாளியில் கொண்டுவந்திருப்பார்கள். அழுது ஓய்ந்த பெண்களுக்கு யாராவது வற்புறுத்தி ஒரு வாய் குடிக்க வைத்திருப்பார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளை இன்னொருவர் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் இட்லி கொடுத்திருப்பார். வெளியூரிலிருந்து வேன் பிடித்து வந்து இறங்கிய பெண்கள், கழிவறைக்கு எங்கே போவது என்று தெரியாமல் சுற்றிலும் பார்த்திருப்பார்கள். அவர்களுக்கு முதலில் தெரிந்தது எதிர்வீட்டுக் கதவு. உங்கள் கதவு. நீங்கள் உள்ளே இருந்தீர்கள், அது சாத்தியிருந்தது.

தெருவே அதைப் பார்த்தது. சண்டைக்கு வரமாட்டார்கள், குறைகூட உங்கள் காதுபடச் சொல்லமாட்டார்கள். இவர்களை எந்தக் கணக்கில் வைப்பது என்று மட்டும் முடிவுசெய்திருப்பார்கள்.

உங்கள் கம்பம் பள்ளத்தாக்கு வெளியாளைச் சேர்க்காது என்று என்னிடம் சொல்லாதீர்கள். 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக்கின் பெயரை அங்கே பிள்ளைகளுக்கு வைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. அவர் பிறந்த ஜனவரி 15 அன்று பொங்கல் வைத்துக் கும்பிடுகிறார்கள். சீமையிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைக்கு இவ்வளவு செய்கிற சனம், வேளச்சேரிக்காரரைக் கண்டு மிரண்டா ஒதுங்குகிறது? நீங்கள் அணை கட்ட வேண்டாம். அன்று நாலு குடம் தண்ணீர் கொடுத்திருக்கலாம்.

அந்த ஜீப்பைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். குமுளி, கம்பம்மெட்டு வழியாக இடுக்கி ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிற பெண்களை ஏற்றுகிற ஜீப்பாகத்தான் அது இருக்கும். தூக்குச்சட்டியும் கையுமாக மலையேறி, இருட்டுகிற நேரத்தில் திரும்புகிறவர்கள். உங்கள் தெருவிலிருந்து அதில் யார் ஏறுகிறார்கள் என்று பத்து மாதத்தில் ஒரு நாளாவது எட்டிப் பார்த்தீர்களா?

ஒரு விஷயத்தில் உங்கள் கோபம் நியாயம். "என்ன ஆட்கள்?" என்பது சாதிக் கேள்விதான். அது அந்தப் பக்கத்து ஊர்களில் சுடுகாடு வரைக்கும் போகிற கேள்வி என்பதும் எனக்குத் தெரியும். பதில் சொல்லாதீர்கள். "சென்னை ஆட்கள்" என்று சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுங்கள், எத்தனை முறை கேட்டாலும். ஆனால் வேளச்சேரியில் யாரும் கேட்கவில்லை என்று பெருமைப்பட வேண்டாம். வீட்டுத் தரகர் உங்களுக்குத் தெரியாமல் விசாரித்துச் சொல்லியிருப்பார்.

இப்போது உங்கள் மாமியாருக்கு வருகிறேன். ஊர் ஒத்துவந்த பிறகு அழைத்துக்கொள்வீர்களாம். தலைகீழாக யோசிக்கிறீர்கள். அவர் உங்கள் வீட்டில் இருந்திருந்தால், அன்று காலை மேளச் சத்தம் கேட்டதுமே புடவையை மாற்றிக்கொண்டு உங்கள் கையைப் பிடித்து எதிர்வீட்டுக்கு இழுத்துப் போயிருப்பார். நடன வகுப்பு என்று நீங்கள் வாயைத் திறந்திருந்தால் முறைத்திருப்பார். வீட்டில் பெரியவர்கள் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்கிற பதில் இதுதான். பெற்றவளைத் தனியே பூட்டிய வீட்டில் விட்டுவிட்டு, தென்னைக்கு மட்டும் தினமும் தண்ணீர் பாய்ச்சுகிற மகனுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். துக்கம் விசாரிக்கப் போங்கள். எந்தக் கிழமையில் போகலாம் என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள், அந்தக் கணக்கு ஊருக்கு ஊர் மாறும். தலையில் பூ வேண்டாம், கையில் பழத்தட்டும் வேண்டாம். ஏன் அன்று வரவில்லை என்று விளக்கம் சொல்லாதீர்கள், அவர்களுக்குத் தெரியும். பாட்டி எத்தனை நாள் படுக்கையில் கிடந்தார், கடைசியில் யாரைத் தேடினார் என்று கேளுங்கள். பிறகு அந்த மருமகள் சொல்லி முடிக்கும் வரை கைபேசியைத் தொடாமல் உட்காருங்கள். கிளம்பும்போது "போய்விட்டு வருகிறேன்" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிடாதீர்கள். துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளாமல்தான் எழுந்து வர வேண்டும்.

அந்த வீட்டில் இந்த வருடம் தீபாவளி கிடையாது. எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டார்கள். அக்கம்பக்கத்தார் கொடுக்கிற முறுக்கும் அதிரசமும்தான் அந்தப் பிள்ளைகளுக்குப் பண்டிகை. மாமியாரை அதற்குள் அழைத்து வந்து, வீட்டிலேயே சுட்டு, மகளிடம் கொடுத்தனுப்புங்கள். கடையில் வாங்கிய டப்பா வேண்டாம்.

சென்னைக்குத் திரும்புவதா என்று கேட்டிருக்கிறீர்கள். தீபாவளி கழிந்து எழுதுங்கள், பதில் சொல்கிறேன். அதற்கு முன் எழுதினால் படிக்கமாட்டேன்.