நம்மூர் விரியனுக்கு இந்த மருந்து கேட்குமா?

வத்தலக்குண்டு பக்கம் தோட்டம் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: பாம்பு விஷம் ஊருக்கு ஊர் மாறுமாமே, சென்னைப் பக்கத்துப் பாம்பின் விஷத்தில் செய்த மருந்து எங்கள் கண்ணாடி விரியனுக்கு வேலை செய்யுமா? 'இந்த ஊர் பாம்புக்கே தனி மருந்து' என்று ஒருவர் பொட்டலம் விற்கிறார், வாங்கி வைக்கலாமா?

வாங்காதீர்கள். விஷம் மாறுவது உண்மை. பொட்டலத்தில் மருந்து இருப்பது பொய்.

விரியன் விஷத்தில் பாஸ்போலிப்பேஸ் என்றொரு நொதி உண்டு. சுமார் 120 அமினோ அமிலங்கள் கோத்த சிறிய புரதம். இதை ஓர் அரிவாளாக நினைத்துக்கொள்ளுங்கள். வெட்டும் வாய் மாறாது. அங்கே கைவைத்தால் பெரும்பாலும் நொதி செத்துவிடும். பிடிதான், அதாவது நொதியின் வெளிப்பரப்புதான், மாறிக்கொண்டே இருக்கும். மரபணு பல நகல்களாகப் பெருகியதால் ஒன்று பழைய வேலையைப் பார்க்க, மற்றவை மாற இடம் கிடைத்தது. மாறிய வெளிப்பரப்பு இரையின் நரம்பையோ தசையையோ புதிதாகப் பற்றினால் அந்த வடிவம் தங்கிவிடும். ஜப்பானின் ஹபு பாம்பின் மரபணுவில் இந்தப் புரதத்தை எழுதும் பகுதிகள், எதையும் எழுதாத இடைப்பகுதிகளைவிட வேகமாக மாறியிருப்பதை 1990களிலேயே கண்டார்கள். வழக்கத்துக்கு நேர்மாறு அது. இலங்கையில் கண்ணாடி விரியன் கடித்தவருக்கு இமை சரிவது சகஜம் என்றால், அங்கே நரம்பைத் தாக்குவதும் இந்த நொதிதான்.

மருந்து பற்றுவதும் பெரும்பாலும் அந்தப் பிடியைத்தான். ஆனால் மருந்து வருவது விஷம் ஏற்றிய குதிரையின் ரத்தத்திலிருந்து; அது விஷத்தைப் பற்றி முடக்கும் எதிர்ப்பொருளை ஒரே இடத்துக்கு மட்டும் செய்வதில்லை, பல இடங்களுக்குச் செய்கிறது. ஆகவே மருந்து ஒரேயடியாகத் தோற்காது. சில ஊர்களில் குப்பிகள் கூடுதலாகத் தேவைப்படலாம். மருந்து தேவையா என்று அறிய, கடிபட்டவரின் ரத்தத்தை 2 மில்லி காய்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையவில்லை என்றால் விஷம் ஏறியிருக்கிறது. இதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டாம்.

ஒரு விலக்கு உண்டு, கவனமாகக் கேளுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத் தோட்டங்களில் மூக்கு நுனி மேலே தூக்கிய சிறு குழிவிரியன் இருக்கிறது. நம் மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கானது, இதற்குக் கேட்காது. கேரளத்தில் இதைச் சுருட்டை என்று தவறாக நினைத்து மருந்து ஏற்றியிருக்கிறார்கள். பலன் இல்லை, ஒவ்வாமை ஆபத்துதான் மிச்சம். சிறுநீரகம் கெடலாம் என்பதால் டயாலிசிஸ் வசதியுள்ள மருத்துவமனை வேண்டும். பாம்பைத் துரத்திப் பிடிக்க வேண்டாம்; தள்ளி நின்று ஒரு படம் எடுக்க முடிந்தால் போதும்.

சென்னைப் பக்கத்தில் பாம்பு பிடித்து விஷம் எடுக்கும், 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம்தான் இன்றும் நாட்டின் விஷத் தேவையில் பெரும்பகுதியைத் தாங்குகிறது. அவர்கள் வேலையில் குறையில்லை. வட்டாரவாரியாக விஷம் எடுங்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் கத்திக் கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம், கோப்பு நகரவில்லை. அந்த இடைவெளியில்தான் பொட்டலக்காரர்கள் கடை விரிக்கிறார்கள்.

கடித்தால் கட்டாதீர்கள், கீறாதீர்கள். கால் அசையாமல் 108-இல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே மருந்து இலவசம்.