மெட்டல் 3டி பிரிண்டிங் பரவிவிட்டால் சிஎன்சி மெஷினிங்குக்கு வேலை இருக்காதா?

இருக்கும், நிறையவே இருக்கும். சிஎன்சி என்பது கணினி இயக்கும் மெஷினில் உலோகத்தைச் செதுக்கி எடுப்பது; மெட்டல் பிரிண்டிங் என்பது உலோகத் தூளை லேசரால் அடுக்கடுக்காக உருக்கிப் பாகத்தை உருவாக்குவது. ஷாஃப்ட், ஃபிளாஞ்ச், புஷ் போன்ற எளிய வடிவப் பாகங்களை லேத்தும் மில்லிங் மெஷினும் மலிவாக, வேகமாக, நூறில் ஒரு மில்லிமீட்டர் துல்லியத்தில் முடித்துத் தள்ளிவிடும். இவற்றைப் பிரிண்ட் செய்வது காசைக் கரியாக்குவது.

வெட்டும் டூல் நுழையவே முடியாத உட்குழாய்கள், பல துண்டுகளை வெல்டிங் செய்து சேர்க்கும் பாகங்கள், இங்கேதான் பிரிண்டிங் ஜெயிக்கிறது. பிஎஸ்எல்வி ராக்கெட்டின் நான்காம் கட்டத்துக்கான பிஎஸ்4 எஞ்சினை இஸ்ரோ இப்படி மாற்றியமைத்தது. 14 பாகங்கள் ஒரே துண்டாயின. 19 வெல்டிங் இணைப்புகள் ஒழிந்தன. முன்பு ஒரு எஞ்சினுக்கு 565 கிலோ ஃபோர்ஜிங்கும் (அடித்து உருவாக்கிய உலோகக் கட்டி) தகடும் தேவைப்பட்டன, இப்போது 13.7 கிலோ உலோகத் தூள் போதும். தயாரிப்பு நேரமும் 60% குறைந்தது. 2024 மே 9 அன்று மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ மையத்தில் 665 விநாடிகள் எரித்துச் சோதித்தார்கள். எனக்கு இதில் பெரிதாகப் படுவது மிச்சமான உலோகத்தைவிட அந்த 19 இணைப்புகள்தான். ஒவ்வொன்றும் கசிவோ விரிசலோ வரக்கூடிய இடம்.

ஆனால் பிரிண்டரிலிருந்து எடுத்ததும் வேலை முடிவதில்லை. லேசர் அடுக்கடுக்காக உருக்குவதால் உலோகத்துக்குள் இறுக்கம் தங்கிவிடும். அடியில் ஒட்டியிருக்கும் பிளேட்டோடு சேர்த்து ஃபர்னஸில் சூடாக்காமல் அறுத்தால் பாகம் வளைந்துவிடும். பிறகு வயர்கட் (மின்பொறி பாயும் கம்பியால் பிளேட்டிலிருந்து அறுப்பது), சப்போர்ட் (பிரிண்ட் ஆகும்போது பாகத்தைத் தாங்கிய உலோகம்) நீக்கம். மேற்பரப்போ உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. பேரிங் உட்காரும் துளை, திரெட், சீல் முகம் எல்லாம் மறுபடி சிஎன்சிக்குத்தான் போகும். அதனால் டிராயிங் போடும்போதே அந்த இடங்களில் கொஞ்சம் கூடுதல் உலோகம் விடுங்கள்; பாகத்தை வைஸில் (மெஷினில் இறுக்கிப் பிடிக்கும் கருவி) பிடிக்க ஒரு தட்டையான முகமும் வையுங்கள்.