கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: என் மகன் ராயபுரம் ரயில் நிலையத்தைக் களமாக வைத்து, மவுஸால் கிளிக் செய்து துப்புத் தேடும் சாகச விளையாட்டு ஒன்றைத் தனியாளாக உருவாக்குகிறான். இதுவரை முடிந்த பகுதியைப் பன்னிரண்டு பேருக்கு ஆடிப்பார்க்கக் கொடுத்தான். 'புதிர் கடினம்', 'கதை அருமை', 'அரைகுறையாக ஏன் தந்தாய்?' என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். சோர்ந்துவிட்டான். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகி, பெரம்பூர்

பதில்: நீங்கள் அனுப்பிய பென் டிரைவிலிருந்து நானும் ஆடினேன், அம்மா. 1856இல் திறக்கப்பட்ட அந்த நிலையத்தின் தூண்களை எத்தனை ஆசையாக வரைந்திருக்கிறான்! ஆனால் டிக்கெட் கவுன்ட்டரில் நாற்பது நிமிடம் சிக்கிக்கொண்டேன். சாவியை எடுக்கக் குடைக்கம்பி வேண்டும். குடையோ பெஞ்சுக்கடியில் இருட்டோடு இருட்டாகக் கிடக்கிறது. அதைக் கடினம் என்று சொல்ல மாட்டேன், கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பன்னிரண்டு பேரில் எத்தனை பேர் அங்கே நின்றார்கள் என்று விசாரிக்கட்டும். ஆடுபவர்கள் சொல்லும் வைத்தியம் பெரும்பாலும் தவறும்; வலிக்கும் இடத்தைச் சரியாகவே காட்டுவார்கள். அடுத்த முறை பக்கத்தில் உட்கார்ந்து, வாய் திறக்காமல் பார்க்கட்டும்.

அரைகுறை என்ற பேச்சுக்குக் கலங்க வேண்டாம். 'கென்டக்கி ரூட் ஜீரோ' என்ற சாகச விளையாட்டே ஐந்து அங்கங்களாக 2013 முதல் 2020 வரை வெளிவந்தது. இன்னும் முடிக்கப்படாத விளையாட்டு என்று முதல் திரையிலேயே எழுதிவிட்டால் போதும்.

கதையில் வரும் மூட்டை தூக்கும் பெரியவரின் வசனங்களில் மட்டும் கைவைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அடுத்த பகுதியை எனக்கும் அனுப்புங்கள்.