தாத்தாவின் தலை ஏன் வெடித்தது?

கேள்வி: ப்ளஸ் டூ காமர்ஸ் குரூப்பில் முடித்திருக்கிறேன். ஊர் அவினாசி பக்கம். அப்பா வீட்டை ஒட்டி ஷெட் போட்டு, பவர் டேபிள் வைத்து பனியன் தைத்துக் கொடுக்கிறார். எனக்கு ஓவியக் கல்லூரியில் சேர ஆசை. போட்டோ பார்த்து சாமி படம், நடிகர் முகம் எல்லாம் அச்சு அசலாக வரைவேன். நாற்பது படம் ஃபைல் போட்டு வைத்திருக்கிறேன். போன மாதம் தாத்தா முகத்தைக் களிமண்ணில் செய்தேன். மூன்றாம் நாள் கழுத்து வெடித்துத் தலை தனியாக வந்துவிட்டது. காமர்ஸ் படித்தவள் சேர முடியுமா? ஓவியம் எடுப்பதா, சிற்பம் எடுப்பதா? எப்படித் தயாராவது? “அதப் படிச்சுப்போட்டு என்ன பண்ணுவே அம்மிணி?” என்று கேட்கும் அப்பாவிடம் என்ன சொல்வது?

பதில்: தாராளமாகச் சேரலாம், அம்மிணி. நான்கு ஆண்டு பி.எஃப்.ஏ. என்ற நுண்கலைப் பட்டப் படிப்புக்கு ப்ளஸ் டூவில் எந்த குரூப்பில் தேறியிருந்தாலும் விண்ணப்பிக்கலாம். வயது வரம்பையும் கடைசித் தேதியையும் அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். அரசுக் கல்லூரிகளில் முக்கியமானவை மூன்று. சென்னை கவின் கலைக் கல்லூரி, 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. ஓவியம், சிற்பத்தோடு அச்சுக்கலை, சுடுமண், துணி வடிவமைப்பும் அங்கே உண்டு. இரண்டாவது கும்பகோணம். மூன்றாவது, 1957இல் தொடங்கிய மாமல்லபுரம் சிற்பக் கல்லூரி. எதில் சேர்ந்தாலும் வெளியூரில் தங்கித்தான் படிக்க வேண்டும். அதை இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள்.

மாமல்லபுரத்துப் பாடம் மற்ற இரண்டிலிருந்து வேறானது. அங்கே மரபுச் சிற்பம், மரபு ஓவியம். உருவத்தின் அளவை சாஸ்திரம் சொல்லும். முகத்தின் நீளம் ஒரு தாலம். ஒரு தாலத்துக்கு 12 அங்குலம். தசதாலம் என்றால் பத்துத் தாலம், கணக்குக்கு 120 அங்குலம். அதில் உயர்ந்த வகையான உத்தம தசதாலத்தில் நான்கு கூடி முழு உருவம் 124 அங்குலம். இந்த அங்குலம் இஞ்சு அல்ல, சிலையின் உயரத்தையே வகுத்து எடுக்கும் பங்கு. சென்னையிலும் கும்பகோணத்திலும் ஆள் எதிரே உட்கார்ந்திருப்பார், அளவை உங்கள் கண்தான் எடுக்க வேண்டும். கோயில் வேலையில் மனசு இருந்தால் மாமல்லபுரம். இல்லையென்றால் மற்ற இரண்டில் ஒன்று.

அடுத்து உங்கள் ஃபைல். நாற்பது படமும் போட்டோவிலிருந்து வந்தவை என்பது பெரிய குறை. திறமை இல்லை என்று சொல்லவில்லை. போட்டோவில் முப்பரிமாணத்தைத் தட்டையாக்கும் வேலையை கேமரா ஏற்கெனவே முடித்துவிட்டது. கட்டம் போட்டு நீங்கள் நகல் எடுக்கிறீர்கள். கல்லூரியில் கற்பிக்கப்போவதே கேமரா செய்த அந்த வேலையைத்தான். எதிரே பொருளை வைத்து, நேரத்தைக் குறித்து வரையச் சொன்னால் போட்டோவில் பழகிய கை தடுமாறும். நாற்பதில் நல்லதாக ஐந்தை வைத்துக்கொண்டு, மீதி இடத்தை நேரில் பார்த்து வரைந்தவற்றால் நிரப்புங்கள்.

ஒரு பித்தளைச் சொம்பில் தொடங்குங்கள். ஜன்னலோரம் ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் விழ வையுங்கள். 15க்கு 22 இஞ்சு கார்ட்ரிஜ் பேப்பர், 2பி, 4பி, 6பி பென்சில், கிளிப் போட்ட பலகை போதும். பலகையைத் தரையில் படுக்கப் போடாமல் முகத்துக்கு நேராகச் சாய்த்து நிறுத்துங்கள். படுக்க வைத்தால் தாளின் மேற்பகுதி கண்ணுக்குச் சுருங்கித் தெரியும். அதை ஈடுகட்டக் கை நீட்டி வரையும். நிமிர்த்திப் பார்த்தால் சொம்பு கழுத்து நீண்டு நிற்கும். அளவெடுக்கும்போது முழங்கை மடங்காமல் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலில் கட்டைவிரலால் குறியுங்கள். முழங்கை மடங்கினால் ஒவ்வொரு அளவும் வேறாகும்.

சொம்பில் பிழை அடியில்தான் வரும். வாய் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது, அடி இன்னும் கீழே. கண் மட்டத்திலிருந்து இறங்க இறங்க வட்டம் அகலமாகத் திறந்து தெரியும். அதனால் அடியின் வளைவு வாயின் வளைவைவிட உருண்டு வர வேண்டும். தரை தட்டை என்று மனசுக்குத் தெரிவதால், பழகாத கை அடியை நேர்கோடாக இழுத்துவிடும். உடனே சொம்பு பாதி வெட்டி ஒட்டியதுபோல் ஆகிவிடும். இந்த ஒரு வளைவு சரியாக வரும்வரை வேறு பொருளுக்குப் போகாதீர்கள்.

ஆட்களை வரைய உங்கள் வீட்டு ஷெட்டைவிட நல்ல இடம் கிடையாது. தைப்பவர் குனிவதும் துணியைத் தள்ளுவதும் நூல் அறுப்பதும் திரும்பத் திரும்ப அதே நிலையில் வரும். ஒரு படத்துக்கு இரண்டு நிமிடம், நாளைக்கு இருபது. முகம் வேண்டாம், முதுகுத் தண்டின் வளைவையும் எடை எங்கே இறங்குகிறது என்பதையும் மட்டும் பிடியுங்கள். பேரூர் பட்டீசுவரர் கோயில் கனகசபைத் தூண்களுக்கும் ஒரு நாள் போய்வாருங்கள். யானையை உரித்துப் போர்த்தும் சிவன் சிலையில் இடுப்பு ஒரு பக்கமும் தோள் மறுபக்கமும் திரும்பியிருப்பதைக் கவனியுங்கள். அலுவலகத்தில் சொல்லி அனுமதி வாங்கிவிட்டு உட்காருங்கள்.

ஓவியமா சிற்பமா என்பதை யோசித்துத் தீர்க்க முடியாது. இரண்டு வாரம் பென்சில், இரண்டு வாரம் மண் என்று வேலை செய்து பாருங்கள். எதில் நேரம் போவது தெரியவில்லையோ அதை எடுங்கள். திருமுருகன்பூண்டி உங்களுக்குப் பக்கம்தானே? கல் பட்டறையில் கேட்டுவிட்டு ஒரு முழு நாள் நின்று பாருங்கள். மாஸ்க் போடாமல் நிற்காதீர்கள். கிரானைட் தூளில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தங்கிவிடும், திரும்பி வராது. கைக்குட்டை அதைத் தடுக்காது; என்95 வேண்டும்.

தாத்தாவின் கழுத்துக்கு வருவோம். நடுவில் வெறும் இரும்புக் கம்பியை நட்டு, மண்ணை அப்பி, வெயிலில் வைத்திருப்பீர்கள். களிமண் காயும்போது நூற்றுக்கு ஐந்து முதல் எட்டு பங்கு சுருங்கும். கம்பி சுருங்காது. மண் கம்பியை இறுக்கிப் பிடித்து, முடியாமல் வெடிக்கும். எல்லாவற்றிலும் ஒல்லியான இடம் கழுத்து. தலையின் எடையும் அதன்மேல்தான். வெயில் மேல்தோலை மட்டும் காயவைத்து, உள்ளே ஈரத்தை விட்டுவைத்து இன்னும் கெடுத்திருக்கும்.

கல்லூரியில் இப்படிச் செய்யும் தலையைக் காயவிடுவதே இல்லை. வேலை முடியும்வரை ஈரத்துணி போர்த்தி, மேலே பிளாஸ்டிக் கவர் மூடி வைப்பார்கள். ஆள் அளவுத் தலைக்கு 15, 20 கிலோ மண் பிடிக்கும். ஒன்றரை அடிப் பலகையில் முக்கால் இஞ்சு ஜி.ஐ. பைப்பை நட்டு, தலைக்குள் வரும் பகுதியில் அலுமினியக் கம்பி வளையம் கட்டி, அதிலிருந்து சின்னக் குச்சிகளைச் சிலுவை மாதிரி கட்டித் தொங்கவிடுவார்கள். அந்தக் குச்சிகள்தான் மண் வழுகி இறங்காமல் தாங்கும். தலை முடிந்ததும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்சு எடுத்து, மண்ணைத் தோண்டி எறிந்துவிட்டு, உள்ளே சோப்புக் கரைசல் பூசி, சிமெண்டோ பிளாஸ்டரோ நிரப்புவார்கள்.

பிளாஸ்டர் கலக்கும்போது எப்போதும் தண்ணீரில்தான் பவுடரைத் தூவ வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. பவுடர் மூழ்காமல் மேலே திட்டாக நின்றதும் நிறுத்தி, ஓரிரு நிமிடம் ஊறவிட்டு, கையை அடியில் விட்டுக் குமிழி வராமல் கலக்குங்கள். அச்சின் முதல் பூச்சில் சொட்டு நீலம் கொஞ்சம் சேர்ப்பது வழக்கம். பிறகு உளியால் அச்சை உடைத்து எடுக்கும்போது நீலம் தெரிந்தால், அடுத்து மூக்கு என்று அர்த்தம், கை மெதுவாகும். மிச்சத்தைச் சாக்கடைக் குழாயில் ஊற்றாதீர்கள், உள்ளேயே இறுகிவிடும். இறுகும்போது நன்றாகச் சுடும், அதனால் கையை உள்ளே வைத்து அச்செடுக்கும் விளையாட்டும் வேண்டாம்.

மண்ணாகவே சுட்டு வைக்க ஆசை என்றால், கம்பியை உருவி, தலையைக் குடைந்து, சுவர் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் தடிக்காமல் பார்த்து, நிழலில் இரண்டு வாரம் காயவிடுங்கள். மண் பிசையும்போதே பத்தில் ஒரு பங்கு நுண்மணலோ பொடித்த ஓட்டுத் தூளோ சேர்த்தால் சுருக்கம் குறையும்.

அப்பாவிடம் சம்பளக் கணக்கு சொல்லி மயக்க வேண்டாம். இந்தப் படிப்பு முடித்தவர்கள் ஓவிய ஆசிரியராக, சினிமா கலைப் பிரிவில், சுவர் ஓவியத்தில், ஃபைபர் சிலைப் பட்டறையில், துணி டிசைனில் வேலை செய்கிறார்கள். ஆரம்பத்தில் வருமானம் ஏறி இறங்கும். அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அவர் தொழிலோடு ஒட்டிய ஒன்றும் இருக்கிறது. பனியன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாக ஒரு ஸ்கிரீன், அதாவது சாயத்தைத் துணியில் இறக்கும் வலைச் சட்டம், வேண்டும். நிறம் கூடினால் செலவு கூடும். எட்டு நிறத்தில் வந்த டிசைனை அழகு கெடாமல் நாலாகக் குறைக்க, நிறங்களைப் பிரித்துப் பார்க்கும் பயிற்சி வேண்டும். அது என்ன வேலை என்று அப்பாவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

உடைந்த தாத்தாவைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். முழுக்கக் காயவிட்டு, நெல்லிக்காய் அளவுக்கு உடைத்து, வாளியில் தண்ணீர் ஊற்றிப் போடுங்கள். அரை ஈர மண் கட்டியாகவே கிடக்கும். நன்றாகக் காய்ந்த மண் ஒரே இரவில் கரையும். மறுநாள் தெளிந்த நீரை வடித்து, கோணிமேல் பரப்பி, கையில் ஒட்டாத பதம் வந்ததும் பிசையுங்கள். இந்த முறை கம்பிக்கு முதலில் நாலு சுற்று செய்தித்தாள் சுற்றிவிட்டு மண்ணை வையுங்கள்.