சேனைத்தண்ணி வேண்டாம்: பேறுகாலக் கேள்வி-பதில்

மகளுக்கு ஏழாவது மாசம். சத்து மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகிறது. நிறுத்திவிடவா? (மானூர்)

வேண்டாம். இரும்புச்சத்து உள்ளே போனால் அப்படித்தான் போகும். குமட்டினால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். டீயோடு கூடாது. கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். பிள்ளை பிறந்த பிறகும் ஆறு மாதம் தொடர வேண்டும்.

ரத்தம் குறைவு என்கிறார்கள். என்ன செய்ய? (ஊர் எழுதவில்லை)

ஹீமோகுளோபின் எத்தனை கிராம், எத்தனையாவது மாதம் என்று எழுதாமல் கேட்டால் நான் எதை வைத்துச் சொல்வது? ஆஸ்பத்திரியில் கொடுத்த கர்ப்பிணி அட்டையை எடுத்துப் பாருங்கள், எழுதியிருக்கும். 11க்குக் கீழே இருந்தாலே சோகை. 7க்குக் கீழே என்றால் பேரீச்சம்பழத்தையும் முருங்கைக்கீரையையும் நம்பி வீட்டில் இருக்காதீர்கள், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மாசமாக இருக்கிறேன். பீடி சுற்றலாமா? (முக்கூடல்)

புகையிலைத் தூள் மூச்சிலும் தோலிலும் ஏறும், வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். விட முடிந்தால் விடுங்கள். அதுதான் வருமானம் என்றால் இலை வெட்டுவதை மட்டும் நீங்கள் வைத்துக்கொண்டு, சுற்றுவதை வீட்டில் வேறு ஆளிடம் விடுங்கள். படுக்கிற அறையில் தூள் இருக்கக் கூடாது.

பிறந்த பேரனுக்குச் சேனைத்தண்ணி (முதன்முதலில் நாக்கில் வைக்கும் சீனித்தண்ணி) வைக்க நர்ஸம்மா விடவில்லை. தாத்தா கையால் வைத்தால்தானே அவர் குணம் வரும்? மருமகளுக்குப் பாலும் ஊறவில்லை. ஒரு சொட்டுதானே? (களக்காடு)

அந்த நர்ஸம்மா செய்தது நூற்றுக்கு நூறு சரி. மாதம் தவறாமல் இந்தக் கடிதம் வருகிறது, நானும் சளைக்காமல் எழுதுகிறேன். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளை வாயில் படவேண்டியது சீம்பால் மட்டுமே. மஞ்சளாக, கெட்டியாக, கொஞ்சமாகத்தான் வரும். முதல் நாள் பிள்ளைக்கு ஒரு தடவைக்கு ஒரு டீஸ்பூன் போதும், அதனால் பால் ஊறவில்லை என்று மருமகளைப் பயமுறுத்தாதீர்கள். பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். சீனித்தண்ணி வயிற்றை நிரப்பினால் பிள்ளை சப்பாமல் தூங்கிவிடும், பிறகு நிஜமாகவே பால் குறையும், பாட்டில் வீட்டுக்குள் வரும். தண்ணியிலும் விரலிலும் உள்ள கிருமி வேறு. இரண்டரை கிலோவுக்குக் குறைவான பிள்ளைக்கு அதைத் தாங்கும் தெம்பு ஏது? தேன் ஒரு வயது வரை நாக்கிலேயே படக் கூடாது. ஆறு மாதம் வரை, சித்திரை வெயிலானாலும், தண்ணீர்கூட வேண்டாம். தாத்தா குணம் வர வேண்டுமா? தினமும் பேரனை மடியில் வைத்துப் பேசட்டும், அதை எந்த நர்ஸும் தடுக்க மாட்டார்.

தொப்புள்கொடியில் சாம்பல் வைக்கலாமா? (திசையன்விளை)

சாம்பல், எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். காய்ந்து தானாக விழட்டும்.

ஒன்பதாம் மாசம். தலைவலி, கண் மங்கல், முகம் வீக்கம். மலையிலிருந்து இறங்க வேண்டுமா? (காரையாறு)

இதைக் கடிதம் போட்டா கேட்பது? ரத்தக் கொதிப்பு ஏறி வலிப்பு வரப் போகிறதற்கான அறிகுறி இது. விடியட்டும் என்றுகூடக் காத்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள், அட்டையோடு கிளம்புங்கள். மலையில் இருக்கும் மற்ற பிள்ளைத்தாச்சிகளும், தொந்தரவு ஒன்றும் இல்லாவிட்டாலும், தேதிக்கு ஒரு வாரம் முன்பே அம்பாசமுத்திரம் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்கு இறங்கிவிடுங்கள்.