கரும்பைப் பிளந்து பாருங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எட்டு மாதக் கரும்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தூர்கள் மஞ்சளாகிக் காய்கின்றன. செல்பேசியில் படம் எடுத்து அனுப்பினேன். ஒருவர் தண்ணீர்க் குறைவு என்கிறார், இன்னொருவர் இரும்புச்சத்துக் குறைவு என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது ஐயா?

பதில்: தோகையின் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் தண்ணீர் போதவில்லை என்றால் மேட்டுப்பகுதி முழுவதுமாகச் சேர்ந்து வாடும். ஆங்காங்கே தனித்தனித் தூர் காய்வதுதான் எனக்குக் கவலை தருகிறது. காயத் தொடங்கிய கரும்பு ஒன்றை அடியோடு வெட்டி, நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே சிவந்து, அந்தச் சிவப்பின் குறுக்கே வெள்ளைத் திட்டுகள் தெரிந்து, புளித்த சாராய நெடி அடித்தால் அது செவ்வழுகல் நோய். அன்றே சர்க்கரை ஆலையின் கரும்பு அலுவலரை வயலுக்கு அழையுங்கள். நெடியைப் படத்தில் அனுப்ப முடியாதே!

நோய் கண்ட தூரைக் காப்பாற்ற மருந்து கிடையாது. அதற்காகக் கடையில் பணத்தைக் கொட்டாதீர்கள். தூரை வேரோடு தோண்டி வெளியே எரியுங்கள். குழியில் லிட்டருக்கு 1 கிராம் கார்பன்டசிம் பூஞ்சைக்கொல்லி கலந்த கரைசலை ஊற்றுங்கள். அந்த வயலின் தண்ணீர் பக்கத்து வயலுக்குப் பாயக் கூடாது. வெட்டிய கட்டையிலிருந்து துளிர்க்கும் மறுதாம்பை விடவே விடாதீர்கள், நடுவதற்கான கரும்புத் துண்டாகிய விதைக்கரணையும் எடுக்காதீர்கள். அடுத்த போகம் நெல் வையுங்கள். ஆலை என்ன சொல்லுமோ என்று நோயை மறைப்பவர்களைக் கண்டால் மனம் பதறுகிறது. உத்தரப் பிரதேசத்தில் பெரும்பரப்பில் விளைந்த கோ 0238 கரும்பு ரகத்தைச் சாய்த்தது இந்த நோய்தான்.

கேள்வி: ஆலையில் கொடுத்த முட்டை ஒட்டுண்ணி அட்டையைக் கட்டியும் இடைக்கணுப்புழு குறையவில்லையே?

பதில்: எந்த மாதத்தில் கட்டினீர்கள்? அட்டையிலிருந்து வெளிவரும் டிரைக்கோகிரம்மா என்ற நுண்குளவி புழுவைத் தொடாது. அந்துப்பூச்சி இட்ட முட்டைக்குள் தன் முட்டையை இடும், அவ்வளவுதான். புழு கணுவுக்குள் புகுந்துவிட்டால் அட்டையால் பயனில்லை. நான்காம் மாதத்திலிருந்து 15 நாளுக்கு ஒருமுறை, ஏக்கருக்கு 1 சி.சி. (அட்டையில் ஒட்டிய முட்டைகளின் கன அளவு) வீதம் ஆறு முறை கட்ட வேண்டும். வெயில் படாத தோகையின் அடிப்புறத்தில் கட்டுங்கள். அந்த நாள்களில் பூச்சிமருந்து தெளித்தால் குளவியும் செத்துவிடும்.

அட்டையை வாங்கும்போதே உற்றுப் பாருங்கள். அதில் ஒட்டியிருக்கும் முட்டைகள் கருத்திருக்க வேண்டும். நுண்ணிய துளைகள் தெரிந்தால் குளவிகள் ஏற்கெனவே பறந்துவிட்டன. ஒரு துண்டைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடி வையுங்கள். குளவி வருகிறதா இல்லையா என்பதை உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

கேள்வி: இரண்டு மாதப் பயிரில் நடுக்குருத்து காய்கிறது. இழுத்தால் கையோடு வந்து நாறுகிறது.

பதில்: இளங்குருத்துப்புழு. பல இடங்களில் மொத்தம் 100 குருத்துகளை எண்ணுங்கள். 15-க்குக் குறைவாகக் காய்ந்திருந்தால் மருந்து வேண்டாம். சோகை (காய்ந்த தோகை) பரப்பி, லேசாக மண் அணைத்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். அதற்கு மேல் போனால் குளோரான்ட்ரானிலிப்ரோல் 18.5 எஸ்.சி. என்ற பூச்சிமருந்து, ஏக்கருக்கு 150 மி.லி.

கேள்வி: குருத்திலிருந்து கறுப்புச் சாட்டை போல நீள்கிறதே, அது என்ன?

பதில்: கரிப்பூட்டை என்ற பூஞ்சை நோய். சாட்டையை அப்படியே ஒடிக்காதீர்கள், கரித்தூள் காற்றில் பரவிவிடும். முதலில் சாக்குப்பையால் மூடிக் கட்டுங்கள், பிறகு தூரோடு எடுத்து எரியுங்கள்.

கேள்வி: நான் வெல்லம் காய்ச்சுபவன், ஆலையில் பதிவு இல்லை. எனக்கு யார் ஆலோசனை சொல்வார்கள்?

பதில்: உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையம் சொல்லும். கடலூர், சிறுகமணி, மேலாலத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையங்களும் 1912-இல் தொடங்கிய கோவை கரும்பு இனப்பெருக்கு நிறுவனமும் இருக்கின்றன. உழவர் அழைப்பு மையத்தில் 1800-180-1551 என்ற எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். அழைக்கும் முன் ரகம், நட்ட தேதி, கரணை வாங்கிய இடம், எத்தனை தூரில் பாதிப்பு என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கரணை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதி விடை கிடைத்துவிடும்.