விசா, வரி, உண்டியல்: இந்த வாரக் கடிதங்கள்

துபாயில் வேலை பார்க்கிறேன். அங்கே வருமான வரி கிடையாது. இந்தியாவில் கட்ட வேண்டுமா? (பெரம்பலூர் வாசகர்)

நிதியாண்டில் எத்தனை நாள் ஊரில் இருந்தீர்கள் என்று எழுதவில்லையே! அது தெரியாமல் எந்த ஆடிட்டரும் பதில் சொல்ல மாட்டார். பொதுவாக 182 நாளுக்குக் குறைவாக இங்கே இருந்தால் துபாய்ச் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. ஊரில் வரும் வாடகைக்கும் டெபாசிட் வட்டிக்கும் உண்டு. பாஸ்போர்ட் முத்திரைப் பக்கங்களை நகல் எடுத்து வையுங்கள். இதைப் பலமுறை எழுதிவிட்டேன்.

குவைத்தில் ஆண்டுக்கு 18 லட்சம் ரூபாய் வருகிறது. 15 லட்சத்தைத் தாண்டினால் இந்திய வரி என்று வாட்ஸ்அப்பில் வந்ததே? (கடலூர் வாசகர்)

பாதிச் செய்தி. 2020 பட்ஜெட்டில் வந்த அந்த விதியில் உள்ள 15 லட்சம் இந்தியாவில் கிடைக்கும் வருமானத்தைக் குறிக்கிறது. உங்கள் குவைத் சம்பளம் அந்தக் கணக்கில் வராது.

நானும் வளைகுடாவில்தான் இருக்கிறேன். ஊரில் வீட்டு வாடகை ஆண்டுக்கு 7 லட்சம். 12 லட்சம் வரை வரி இல்லை என்கிறார்கள், என் ஆடிட்டரோ கட்டச் சொல்கிறார். (கும்பகோணம் வாசகர்)

ஆடிட்டர் சொல்வதே சரி. அந்தத் தள்ளுபடி இந்தியாவில் வசிப்பவருக்கு மட்டும். தொகை சில ஆயிரம்தான் வரும், கட்டிவிடுங்கள்.

மலேசியாவுக்கு இப்போது விசாவே வேண்டாமாம். என் அக்கா மகனை உணவக வேலைக்கு அனுப்புவதாக ஊர் ஏஜென்ட் ஒருவர் ஒன்றரை லட்சம் கேட்கிறார். டூரிஸ்ட்டாகப் போய் அங்கே பெர்மிட் மாற்றிக்கொள்ளலாம், லெவியும் (வெளிநாட்டு ஆளுக்காக அந்நாட்டு அரசுக்குக் கட்டும் வரி) அதிலேயே அடக்கம் என்கிறார். நம்பலாமா? (பட்டுக்கோட்டை வாசகர்)

நம்பாதீர்கள். ஊர் பெயரையும் தொகையையும் மாற்றினால் மாதந்தோறும் எனக்கு வரும் கடிதம் இதுதான்.

2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியா செல்லலாம். அது சுற்றிப் பார்க்க. அந்த அனுமதியில் உணவகத்தில் ஒரு நாள் தட்டு கழுவினாலும் குற்றம். 31ஆம் நாள் ஓவர்ஸ்டே தொடங்கும். அதற்கு அந்நாட்டுக் குடிநுழைவுச் சட்டத்தில் குறைந்தது 10,000 ரிங்கிட் அபராதமோ ஐந்தாண்டு வரை சிறையோ இரண்டுமோ உண்டு. 10,000 ரிங்கிட் என்றால் நம் கணக்கில் இரண்டு லட்சத்துக்கு மேல். சோதனையில் பிடிபட்டுத் தடுப்பு முகாமில் உட்காரப்போவது உங்கள் அக்கா மகன். ஏஜென்ட் அப்போது போனை எடுக்க மாட்டார்.

லெவிக்கு வருகிறேன். எனக்குக் கோபம் வருவதே இங்கேதான். வெளிநாட்டுத் தொழிலாளருக்கான லெவியை முதலாளிதான் கட்ட வேண்டும் என்று 2018 முதல் மலேசிய அரசு வைத்திருக்கிறது. பெர்மிட்டே இல்லாத ஆளுக்கு ஏது லெவி? கட்டாத வரியின் பெயரைச் சொல்லிப் பையனின் வீட்டில் நகை அடகு வைக்கச் செய்கிறார்கள். நம் பக்கச் சட்டத்திலும் இடமில்லை: பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் மட்டுமே. சப்-ஏஜென்ட் என்பவருக்குச் சட்டத்தில் இருக்கையே கிடையாது. உரிம எண்ணைக் கேளுங்கள், வெளிநாட்டு வேலைக்கான மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். எண் தர மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பையன் பத்தாம் வகுப்பு தேறாதவரா? அப்படியானால் அவரது பாஸ்போர்ட் இசிஆர் வகை, அதாவது குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் வகை. மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அந்த வழியில் போனால் 10 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு கூடவே வரும், பிரீமியம் சில நூறு ரூபாய்தான். டூரிஸ்ட்டாகப் போனவர் கையை மெஷினில் விட்டால் ஆஸ்பத்திரிக்குப் போகவே பயப்படுவார். வேலை விசா கையில் வராமல் விமானம் ஏறாதீர்கள். பணத்தை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

ஆகஸ்டில் கோலாலம்பூரில் சேர்ந்தேன். சம்பளத்தில் 30 சதவீதம் வரி பிடித்துவிட்டார்கள். ஏமாற்றா? (தஞ்சாவூர் வாசகர்)

இல்லை. அங்கே வரி ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர். அதில் நீங்கள் அங்கே இருந்தது 182 நாளுக்குக் குறைவு என்றால் சம்பளம் எவ்வளவானாலும் ஒரே விகிதமாக 30 சதவீதம். ஆனால் அடுத்த ஆண்டும் தொடர்ந்து தங்கி 182 நாளைத் தாண்டினால் இரண்டையும் இணைத்துப் பார்க்க அந்நாட்டுச் சட்டத்தில் இடமுண்டு. கணக்குத் தாக்கல் செய்து மிகுதியைத் திரும்பக் கேளுங்கள். பாதிப் பேர் கேட்பதேயில்லை.

தம்பி ஷார்ஜாவில் விசிட் விசா முடிந்து நான்கு மாதமாக இருக்கிறான். அடுத்த பொது மன்னிப்பு எப்போது? (இராமநாதபுரம் வாசகர்)

பொது மன்னிப்பு தீபாவளி போல ஆண்டுதோறும் வருவதில்லை. 2024 செப்டம்பரில் தொடங்கி டிசம்பர் இறுதி வரை ஒன்று நடந்தது, போய்விட்டது. அபராதம் நாளுக்கு 50 திர்ஹாம். இதுவரை 6,000, ஏறக்குறைய ஒன்றரை லட்சம் ரூபாய். காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் ஆயிரத்துக்கு மேல் ஏறுகிறது. இன்றே இந்தியத் தூதரகத்தை அணுகச் சொல்லுங்கள்.

உண்டியலில் (வங்கி இல்லாமல் ஆள் வழியாக) பணம் அனுப்பினால் லட்சத்துக்குச் சில நூறு கூடுதலாகக் கிடைக்கிறது. தவறா? (கீழக்கரை வாசகர்)

தவறுதான். அந்நியச் செலாவணிச் சட்டத்தில் தொகையின் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். நாளை மனை வாங்கும்போது பணம் எங்கிருந்து வந்தது என்று வருமான வரித்துறை கேட்டால் காட்ட ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது. என்ஆர்இ கணக்குக்கு (வெளிநாடு வாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்கு) வங்கி வழியாக அனுப்புங்கள். வட்டிக்கும் வரி இல்லை.

சவூதியில் கபில் (விசா கொடுத்த முதலாளி) பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார். வெளியே வேறு வேலை பார்க்கலாமா? (பெயர் வேண்டாம்)

கூடாது. அவர் 'ஹுரூப்', அதாவது வேலையை விட்டு ஓடிவிட்டார் என்று புகார் கொடுத்துவிட்டால் குற்றவாளி நீங்கள்தான். பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது அங்கேயும் சட்டவிரோதம். வேலையில் இருந்தபடியே அந்நாட்டுத் தொழிலாளர் துறையிலும் தூதரகத்திலும் புகார் கொடுங்கள். இக்காமா (குடியிருப்பு அனுமதி) முடியும் தேதியையும் பாருங்கள்.

அமெரிக்காவிலிருந்து மகன் பணம் அனுப்பினால் இனி ஒரு சதவீத வரியா? (கோயம்புத்தூர் வாசகர்)

2026 ஜனவரி முதல் ரொக்கம், மணி ஆர்டர் போன்றவற்றால் கட்டி அனுப்பினால் மட்டும். அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினால் இல்லை.